சக்கரம் மட்டும் பின்னால் வரும்

2018 டிசம்பரில் அந்தப் பட்டாசுப் பெட்டிக்கு முதல் நூறு ரூபாய் விழுந்தபோது, அதைச் செய்ய வேண்டிய ஆலை பூட்டிக் கிடந்தது. பணம் கட்டியது சேலம் அம்மாபேட்டையில் ஒரு தறிக்காரர் வீடு. வாங்கி நோட்டில் எழுதிக்கொண்டது என் அக்கா. ஆலை இருந்தது எங்கள் ஊர் ஆமத்தூர்ப் பக்கம், விருதுநகரிலிருந்து சிவகாசிக்குப் போகிற வழியில், கரிசல் காட்டுக்குள். இந்த மூவருக்கும் நடுவில் போன் பேசுகிற வேலை எனக்கு.

அக்கா கல்யாணமாகிச் சேலம் போன நாளிலிருந்து தெருவில் தீபாவளிச் சீட்டு நடத்துகிறாள். மாதம் நூறு, பத்து மாதம், நாற்பத்திரண்டு பேர். ஐப்பசி பிறந்ததும் ஆளுக்கு ஒரு பட்டாசுப் பெட்டி, ஒரு கிலோ இனிப்பு, ஒரு எவர்சில்வர் டப்பா. ரசீது கிடையாது. அக்காவின் முகம்தான் ரசீது. பிறந்த ஊர் பட்டாசு ஊர் என்பதால் அந்த முகத்துக்குக் கூடுதல் மதிப்பு.

"தம்பி, மொதத் தவணை வாங்கிட்டேன். பெட்டிக்குச் சொல்லிரு."

"அக்கா, இங்க ஒரு ஆலையும் ஓடல."

"தீபாவளிக்கு இன்னும் பத்து மாசம் இருக்குல்ல? தொறந்துருவாங்க."

அவள் சொன்னதில் தப்பில்லை. ஆனால் அந்த முறை பூட்டு வழக்கமான பூட்டு இல்லை. தீபாவளி முடிந்து சில நாள் ஓய்வு விட்டு, பூசை போட்டு ஆலையைத் திறப்பதுதான் இங்கே நடைமுறை. 2018 நவம்பர் 13-இல் முதலாளிகள் திறக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள்.

காரணம் டெல்லியில் இருந்தது. 2015-இல் அங்கே மூன்று கைக்குழந்தைகளின் பெயரில் பெற்றோர் தொடுத்த வழக்கு, அர்ஜுன் கோபால் வழக்கு என்று அதற்குப் பேர். 2018 அக்டோபர் 23-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. மாசு குறைந்த பசுமைப் பட்டாசு மட்டுமே செய்யலாம், விற்கலாம். பேரிய உப்பு கூடாது. சரவெடி கூடாது. இணையத்தில் விற்கக் கூடாது. வெடிக்க ஒரு நாளில் இரண்டு மணி நேரம். அந்த ஆண்டுத் தீபாவளி நவம்பர் 6. தீர்ப்பு வந்தபோது சரக்கெல்லாம் ஆலையை விட்டுப் போய், பல ஊர்க் கடைகளில் அடுக்கியாகிவிட்டது. அதனால் அந்தத் தீபாவளி எப்படியோ கழிந்தது. அடி விழுந்தது அடுத்த தீபாவளியின் மேல்.

பேரியம் நைட்ரேட்டை இங்கே பச்சை உப்பு என்பார்கள். கம்பி மத்தாப்பு, புஸ்வாணம், தரைச்சக்கரம் மூன்றும் அதை நம்பித்தான் இருந்தன. எரிய வைக்க ஆக்சிஜன் கொடுப்பதும் அதுதான், பச்சை நிறம் கொடுப்பதும் அதுதான். பசுமைப் பட்டாசு வேண்டும் என்ற தீர்ப்பு பச்சையைத்தான் முதலில் எடுத்தது என்று டீக்கடையில் ஒரு போர்மேன் சொன்னார். சிரிப்பு யாருக்கும் வரவில்லை. பசுமைப் பட்டாசு என்பது எந்த மருந்து எந்த அளவில் சேர்ந்தது என்று அப்போது ஆலைக்காரர்களுக்கும் தெரியாது. நாக்பூரில் உள்ள நீரி ஆய்வகம் அதைக் கண்டுபிடித்துக்கொண்டிருந்தது. அனுமதி தர வேண்டிய வெடிபொருள் துறையான பெசோவின் தலைமையகமும் அதே நாக்பூர்தான்.

நான்கு மாதம் சனிக்கிழமைச் சம்பளம் இல்லை. ஆலை வேன்கள் வீட்டு வாசல்களில் தூசி படிந்து நின்றன. பெண்கள் நூறு நாள் வேலைக்குப் போனார்கள். இளைஞர்கள் திருப்பூருக்கும் கோவைக்கும் பஸ் ஏறினார்கள். அக்காவின் நோட்டில் டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி என்று மூன்று கட்டங்கள் நிரம்பின. ஒரு பொருளுக்குப் பணம் சேர்ந்துகொண்டே இருக்கிறது, செய்யும் கை வேறு ஊரில் செங்கல் சுமக்கிறது.

இல்லாத பொருளுக்கு ஊர் கூடி முன்பணம் கட்டுவதற்கு வெளிநாட்டில் கிரவுட்ஃபண்டிங் என்று பேர் வைத்திருக்கிறார்கள். அதில் பெரிய ஆட்கள் பலகை விளையாட்டுக்காரர்கள். 2020-இல் ஃப்ரோஸ்ட்ஹேவன் என்ற ஆட்டத்துக்கு கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் 83,000 பேருக்கு மேல் சேர்ந்து கிட்டத்தட்ட 1.3 கோடி டாலர் கட்டினார்கள். 2021 மார்ச்சில் தருவதாகச் சொன்ன பெட்டி 2022 கடைசியில்தான் வீடுகளுக்கு வர ஆரம்பித்தது. இடையில் கொரோனா, துறைமுக நெரிசல், பல மடங்கு ஏறிய கன்டெய்னர் வாடகை. எவர் கிவன் கப்பல் சூயஸ் கால்வாயில் ஆறு நாள் குறுக்கே நின்றதும் அந்த 2021 மார்ச்சில்தான். சீட்டுப் பிடித்தவர் கையை விரித்த கதையும் அங்கே உண்டு. 2012-இல் 'த டூம் தட் கேம் டு அட்லாண்டிக் சிட்டி' என்ற ஆட்டத்துக்கு 1,246 பேர் 1,22,000 டாலருக்கு மேல் கட்டினார்கள். வாங்கியவர் அதை வீட்டு வாடகைக்கும் சொந்தச் செலவுக்கும் கரைத்துவிட்டார் என்று 2015-இல் அமெரிக்க வர்த்தக ஆணையம் நடவடிக்கை எடுத்தது. இடையில் வேறொரு கம்பெனி இரக்கப்பட்டு அந்த ஆட்டத்தை அச்சடித்துக் கொடுத்தது. நம் பக்கம் அந்த மாதிரி இரக்கம் நான் கேள்விப்பட்டதில்லை.

ஆட்டப் பெட்டியும் பட்டாசுப் பெட்டியும் உடம்பளவில் ஒரே ஜாதி. அட்டை, அச்சு, உள்ளே முப்பது விதச் சின்ன உருப்படிகள். ஒவ்வொன்றும் ஒவ்வொரு கொட்டகையில் பிறந்து வர வேண்டும். இருபத்தொன்பது வந்து ஒன்று வராவிட்டாலும் மூடியை மூட முடியாது. எது கடைசியாக வருகிறதோ அதன் வேகம்தான் பெட்டியின் வேகம். வித்தியாசம் ஒன்றுதான். பதினெட்டு மாதம் கழித்து வந்தாலும் ஆட்டம் ஆட்டம்தான். தீபாவளிக்கு மறுநாள் வந்த பட்டாசை என்ன செய்வது?

2019 மார்ச்சில் ஆலைகள் திறந்தன. அந்த மார்ச் 12-இல் உச்ச நீதிமன்றமே, வண்டிகள் இதைவிட அதிகம் புகை விடும்போது எல்லோரும் ஏன் பட்டாசின் பின்னாலேயே ஓடுகிறீர்கள் என்று கேட்டது. சிவகாசியில் அந்தச் செய்தியைப் பலமுறை படித்தார்கள். ஆனால் தடை தடையாகவே இருந்தது.

பெட்டியில் முதலில் பிறந்தது மூடி. வயிற்றுக்கு முன்னால் முகம். சிவகாசி அச்சகங்களுக்கு ஆடிப்பெருக்கன்று காலண்டர் ஆல்பம் வெளியாகும். அதன்பின் டிசம்பர் வரை தினசரிக் காலண்டர்தான் எல்லா இயந்திரத்திலும் ஓடும். அட்டைப் பெட்டிக்காரர்கள் அதற்கு முன்பே, கோடையிலேயே ஓட்டிவிடுவார்கள். எங்கள் பெட்டியின் மூடியும் மே மாதமே தயார். பழைய வடிவம்: பல நிறத்தில் பூத்துச் சிதறும் வானம், சிரிக்கும் இரண்டு குழந்தைகள், ஓரத்தில் சுருண்டு கிடக்கும் சிவப்புச் சரவெடி, மேலே '30 வகை'. சரவெடிதான் தடையாயிற்றே என்று கேட்டேன். "ஸ்டிக்கர் ஒட்டிருவோம் தம்பி" என்றார் ஆலைக் கணக்குப்பிள்ளை. அப்படியே ஒரு புஸ்வாணப் படம் சரவெடியின் தலைமேல் ஏறியது. வாலை மறைக்கவில்லை.

அடுத்து குழாய்கள். மருந்து இல்லாத வேலை வீட்டுக்கு வரும். எங்கள் தெருவில் சாயந்திரம் வாசற்படியில் உட்கார்ந்து பெண்கள் காகிதக் குழாய் சுருட்டுவார்கள். குரோஸ் கணக்கு, குரோஸுக்கு 144. பேச்சு ஒரு பக்கம் ஓட, கை தனியாக ஓடும். மருந்து உள்ள வேலைக்கு ஆள்தான் ஆலைக்குப் போக வேண்டும். அதுதான் சட்டம். கருந்திரியை மட்டும் சிலர் வீட்டில் ஒளித்துச் செய்து போலீசில் மாட்டுவார்கள். அந்தச் செய்தி வராத மாதம் குறைவு.

ஆலைக்குள் எல்லாம் எண்ணிக்கை. ஓர் அறைக்கு நான்கு பேருக்கு மேல் கூடாது. அறைக்கும் அறைக்கும் இவ்வளவு இடைவெளி, கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும், இத்தனை கிலோ மருந்துக்கு மேல் அறையில் இருக்கக் கூடாது. உரிமமும் மூன்று தரம். ஊர்ப் பேச்சில் நாக்பூர் லைசென்ஸ், சென்னை லைசென்ஸ், டி.ஆர்.ஓ. லைசென்ஸ். எங்கள் பெட்டி நாக்பூர் லைசென்ஸ் ஆலையில் கட்டியது. ஆனாலும் முப்பது வகையும் அங்கே பிறக்கவில்லை. பாம்பு மாத்திரை ஒரு சின்ன ஆலையிலிருந்து, கலர் தீப்பெட்டி இன்னொரு இடத்திலிருந்து, குருவி வெடி வேறொரு ஆலையோடு பண்டமாற்றில். பெட்டியின் மேல் ஒரு பேர், உள்ளே ஏழெட்டுப் பேரின் சரக்கு.

கம்பி மத்தாப்பைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். அளவாக வெட்டிய கம்பிகளைச் சட்டத்தில் வரிசையாகச் செருகி, கூழ் மாதிரி இருக்கும் மருந்தில் முக்கி எடுத்து வெயிலில் வைப்பார்கள். காய்ந்ததும் மறுபடி முக்கல், மறுபடி வெயில். தூரத்திலிருந்து பார்த்தால் சாம்பல் நிறத்தில் பயிர் நட்ட மாதிரி இருக்கும். வெயில்தான் இங்கே சம்பளம் வாங்காத ஆள். மானாவாரிக் கரிசலில் மழை பொய்த்து விவசாயம் படுத்த ஊர்கள்தான் இந்தத் தொழிலுக்கு வந்தன. 1922-இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்து இங்கே ஊன்றியபோது, மழை இல்லாததே மூலதனமானது. மேகம் கூடினால் மருந்து வேலையை நிறுத்த வேண்டும். மழை என்றால் அன்றைக்குக் கூலி இல்லை. மற்ற ஊரில் மழைக்குப் பொங்கல் வைப்பார்கள். எங்கள் பக்கம் வைகாசி, ஆனியில் இடி முழங்கினால் கிழவிகள் முணுமுணுப்பார்கள்.

ஆடிப்பெருக்கு அந்த ஆண்டு ஆகஸ்ட் 3. அன்றைக்குப் பட்டாசுக் கடைகளிலும் பூசை போட்டுத் தீபாவளி விற்பனையைத் தொடங்குவார்கள். அன்று காலையே அக்கா போன்.

"எட்டுத் தவணை ஆயிருச்சு தம்பி. பெட்டியக் கண்ணால பாத்தியா?"

பார்த்தேன். மூடி இருந்தது. மத்தாப்பு இருந்தது. வெடி வகைகளில் பெரும்பாலும் வந்துவிட்டன. சணல் சுற்றிப் பசை தடவிய அணுகுண்டுகூடக் களத்தில் காய்ந்துகொண்டிருந்தது. இல்லாதது தரைச்சக்கரம்.

சக்கரத்தின் வயிறு மெல்லிய காகிதக் குழாய். உள்ளே மருந்தை ஒரே சீராக நிரப்பி வட்டமாகச் சுற்ற வேண்டும். எரிகிற வேகம் சற்றுக் குறைந்தால் சக்கரம் அப்படியே படுத்துக்கொள்ளும், கூடினால் வெடிக்கும். பச்சை உப்பை எடுத்துவிட்டு ஸ்ட்ரான்சியம் உப்பைப் போட்டால் நிறம் சிவப்பாக வரும். அது போகட்டும். அந்த உப்பு ஈரத்தை இழுக்கும். ஜூலையில் செய்த மாதிரிச் சக்கரங்கள் களத்தில் அழகாகச் சுற்றின. ஆகஸ்டில் அதே கட்டிலிருந்து எடுத்துப் பற்றவைத்தால் பாதி சுற்றி, இருமி, அணைந்தன. கோடையில் செய்து ஐப்பசி ஈரத்தில் கொளுத்த வேண்டிய சாமானுக்கு இதைவிடக் கெட்ட குணம் வேறு வேண்டுமா? ஆலைப் போர்மேன் மருந்தின் விகிதத்தை மாற்றிப் பார்த்தார். மாற்றினால் அதற்குத் தனி ஒப்புதல் வேண்டும். காகிதம் நாக்பூருக்குப் போனது.

செப்டம்பரில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பூட்டிக் கிடந்தது நான்கு மாதம். போன தீபாவளி நவம்பர் 6, இந்தத் தீபாவளி அக்டோபர் 27, அதில் பத்து நாள் குறைச்சல். ஃப்ரோஸ்ட்ஹேவன்காரர் தாமதத்தைத் தேதியின் மேல் ஏற்றினார். 83,000 பேர் ஆளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் காத்திருந்து அதைச் சுமந்தார்கள். தீபாவளியின் தேதி அமாவாசையைப் பார்த்து நிற்கிறது. அதன்மேல் எதையும் ஏற்ற முடியாது. அந்த நான்கு மாதமும் பத்து நாளும் எங்கே போயிருக்கும்?

அறைக்குள் போகும். நான்கு பேர் உட்கார வேண்டிய இடத்தில் ஆறு பேர் உட்காருவார்கள். அறை போதாவிட்டால் வேப்பமரத்தடி. காலைக் குளிர்ச்சியில் முடிய வேண்டிய மருந்து கலப்பு மதியத்துக்கு நீளும். அன்றன்றைக்குத் தீர்க்க வேண்டிய மருந்து மிச்சமாகி மறுநாள் காலைக்குக் காத்திருக்கும். உள்குத்தகைக்கு எடுத்தவருக்குத் தீபாவளி வரைதான் ஆலை, எனவே அவர் கண் உருப்படி எண்ணிக்கையில்தான் இருக்கும். வேலை செய்பவர்களுக்கும் பீஸ் ரேட்தான். பிள்ளைகளுக்கு அவர்களும் துணி எடுக்க வேண்டும். அக்காவின் நோட்டில் இருந்த நாற்பத்திரண்டு பெயர்களும் கடைசியில் வந்து அழுத்துவது அந்த அறைச் சுவரில்தான்.

எல்லா விபத்தும் தீபாவளி அவசரத்தால் என்று சொன்னால் பொய். சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் 2021-இல் இருபதுக்கு மேற்பட்டோர் இறந்தது பிப்ரவரி 12 அன்று. ஆனால் 38 பேரைக் கொண்டுபோன முதலிப்பட்டி விபத்து 2012 செப்டம்பர் 5. 2023-இல் ரெங்கபாளையத்திலும் கிச்சநாயக்கன்பட்டியிலும் ஒரே நாளில் 14 பேர் போனது அக்டோபர் 17, தீபாவளிக்கு இருபத்தாறு நாள் முன்பு. இந்தப் பக்கத்துப் பெண்கள் செப்டம்பர், அக்டோபரில் 'டமார்' என்று எந்தச் சத்தம் கேட்டாலும் தெருவுக்கு ஓடி வந்து, எந்தத் திசையில் புகை என்று பார்ப்பார்கள். என் அம்மா அப்படி ஓடியதை நான் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். சேலத்தில் இருபது வருஷம் கழித்தும் அக்காவுக்கு அந்தப் பழக்கம் போகவில்லை. தறிச் சத்தத்துக்கு நடுவிலும் அவளுக்கு அந்தக் காது தனி.

எங்கள் பெட்டி 2019-இல் யார் உயிரையும் கேட்கவில்லை. அதற்கு நான் நன்றி சொல்ல வேண்டியது போர்மேனுக்கு. ஒப்புதல் வராமல் சக்கர மருந்தைக் கலக்க மாட்டேன், இருட்டிய பிறகு அறையில் ஆள் வைக்க மாட்டேன் என்று கணக்குப்பிள்ளையிடம் முறைத்துக்கொண்டு நின்றார். கணக்குப்பிள்ளைக்கு அவர்மேல் கோபம். எனக்கும் அப்போது கொஞ்சம் கோபம்தான், அக்கா தினம் இரண்டு தடவை போன் செய்கிறாளே.

அக்டோபர் 5-இல் மத்திய அமைச்சர் டெல்லியில் பசுமைப் பட்டாசை அறிமுகப்படுத்தினார். ஸ்வாஸ், ஸ்டார், சஃபல் என்று மூன்று வகை, நுண்துகள் மாசு 30 சதவீதம் குறைவு, பெட்டியில் பச்சை முத்திரை, கியூஆர் குறியீடு. தீபாவளிக்கு இருபத்திரண்டு நாள் இருந்தது. அக்கா டிவியில் பார்த்துவிட்டாள்.

"நம்ம பெட்டியில பச்சப் பட்டாசு இருக்கா தம்பி? எல்லாரும் கேக்குறாங்க."

"பச்சையாத் தெரியாதுக்கா. உள்ளுக்குள்ள பச்ச."

"அத நான் எப்படிடா நாப்பத்திரெண்டு பேருக்கும் காட்டுவேன்?"

அக்டோபர் நடுவில் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டது. களத்தில் இனி எதுவும் காயாது. சக்கரம் இல்லாமலே பெட்டியைக் கட்டுவது என்று முடிவு. சக்கரத்தின் இடத்தில் ஒரு பாக்கெட் சாட்டையும் ஒரு பாக்கெட் பிஜிலியும் அதிகம் வைத்தார்கள். அப்படியும் எண்ணினால் இருபத்தொன்பது வகைதான். '30 வகை' என்ற அச்சுக்கு ஸ்டிக்கர் ஒட்ட ஆள் இல்லை. "சக்கரம் மட்டும் பின்னால வரும்னு அக்காட்ட சொல்லுங்க தம்பி" என்றார் கணக்குப்பிள்ளை.

இனிப் பயணம். ரயிலில் போகாது. பட்டாசோடு ரயில் ஏறினால் ரயில்வே சட்டம் 164-ஆம் பிரிவில் மூன்றாண்டு வரை சிறை. கூரியர்காரர் பெட்டியின் படத்தைப் பார்த்ததுமே கையெடுத்துக் கும்பிடுவார். லாரிதான். தீபாவளிக்கு முந்தைய பத்து நாளில் லாரி ஷெட் கோயில் திருவிழா மாதிரி இருக்கும். பெட்டிமேல் சாக்பீஸில் ஊர்ப்பேர், தார்ப்பாய்க்குக் கீழே இடம் பிடிக்கச் சண்டை. பீகார் மாதிரித் தூர ஊர்ச் சரக்கு ஆவணி, புரட்டாசியிலேயே போய்விடும். தமிழ்நாட்டுக்குள் போகிற சரக்கு கடைசியில்தான் நகரும், நாளைக்குப் போனாலும் போய்ச் சேரும் என்ற தைரியத்தில். அந்தத் தைரியத்தில் எங்கள் நாற்பத்திரண்டு பெட்டியும் நான்கு நாள் ஷெட்டில் கிடந்தன. 24-ஆம் தேதி ராத்திரி ஏறின. மதுரை, திண்டுக்கல், கரூர், நாமக்கல் என்று நான்குவழிச் சாலையில் விடிய விடிய ஓட்டம். இறக்கும் வரை நான் தூங்கவில்லை. ஏற்றுவதும் இறக்குவதும்தான் ஆபத்தான நேரம். 2023 அக்டோபரில் ஓசூருக்கு அப்பால் அத்திப்பள்ளியில் லாரியிலிருந்து பட்டாசு இறக்கும்போது பிடித்த தீயில் 14 பேருக்கு மேல் போனார்கள். பெரும்பாலும் தீபாவளிக் கூலிக்குப் போன தமிழ்நாட்டுப் பையன்கள்.

அக்டோபர் 25, வெள்ளிக்கிழமை மதியம், அம்மாபேட்டை. அக்கா வீட்டுத் திண்ணையில் பெட்டிகள் ஆள் உயரத்துக்கு. ஒவ்வொருவராக வந்து மூடியைத் திறந்து எண்ணினார்கள். பத்து மாதம் நூறு நூறாகக் கட்டியவர்களுக்கு எண்ண உரிமை இல்லாமல் போகுமா? மூடியில் விலை மூவாயிரத்துச் சொச்சம் என்று அச்சடித்திருந்தது. அதை யாரும் நம்புவதில்லை. எண்பது சதவீதம் தள்ளுபடி போடுவதற்கென்றே அடிக்கிற விலை அது. ஆனால் '30 வகை'யை நம்பினார்கள். ஸ்டிக்கருக்குக் கீழே நீண்டிருந்த சரவெடி வாலை ஒரு பையன் நகத்தால் சுரண்டினான். முழுச் சரவெடியும் வெளியே வந்துவிட்டது. "இது எங்க?" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறிலிருந்து ஏழு, ராத்திரி ஏழிலிருந்து எட்டு. தமிழ்நாட்டில் அரசு அனுமதித்த நேரம் அவ்வளவுதான். பத்து மாதச் சீட்டும், பத்துப் பன்னிரண்டு கொட்டகையும், முந்நூறு கிலோமீட்டர் லாரியும் அந்த இரண்டு மணி நேரத்துக்குள் புகையாக வேண்டும். நம் ஆட்கள் கடிகாரத்தை அவ்வளவு கறாராகப் பார்க்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

சக்கரம் வந்தது நவம்பர் மூன்றாம் வாரம். ஒப்புதல், மழை விட்ட நான்கு நாள் வெயில், மறுபடி லாரி. ஒரே அட்டைப்பெட்டியில் நாற்பத்திரண்டு பாக்கெட். கார்த்திகைத் தீபம் டிசம்பர் 10 என்பதால் அக்கா தப்பித்தாள். கார்த்திகைக்குக் கொளுத்துங்கள் என்று வீடு வீடாகக் கொடுத்து வந்தாள். நாற்பத்தொரு பேர் வாங்கிக்கொண்டார்கள். முதல் நூறு ரூபாய் கட்டிய தறிக்காரர் வீட்டம்மா மட்டும் மறுத்துவிட்டார். பேரன் தீபாவளிக்கு வந்து போய்விட்டான், இனிச் சக்கரத்தை வைத்து நான் சுற்றவா, முப்பது ரூபாயைத் திருப்பிக் கொடு என்றார்.

அக்கா வாக்குவாதம் செய்யவில்லை. புது நோட்டை எடுத்து, 2020 சீட்டின் முதல் பக்கத்தில் அவர் பெயருக்கு நேராக, டிசம்பர்த் தவணை எழுபது ரூபாய் என்று எழுதிக்கொண்டாள்.